முள்முனை எங்கே இருக்க வேண்டும்? கிளவுசர் மின்னோ கட்டும் முறை, முதல் சுற்றிலிருந்து கடைசி முடிச்சு வரை

இரண்டு மாலை உட்கார்ந்து, தூண்டில் முள்ளில் மயிர் கட்டிச் செய்த மூன்று பொய்மீன்களைக் கழிமுகத்துக்கு எடுத்துப்போனேன். மூன்றும் வாலை இழந்து திரும்பின. முள்வளைவுக்கு அரை அங்குலம் பின்னால், கத்தரியால் நறுக்கியதுபோல் மயிர் ஒரே நேராக வெட்டுப்பட்டிருந்தது. சீலாக் குஞ்சுகளின் வேலை. ஒவ்வொரு முறையும் வெடுக்கென்ற இழுப்பு கைக்குத் தெரிந்தது, ஒன்றுகூட மாட்டவில்லை. வீட்டுக்கு வந்து மேசை விளக்கின் அடியில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. பச்சையா நீலமா, மினுக்கு எத்தனை இழை என்றெல்லாம் மண்டையை உடைத்துக்கொண்டவன், முள்முனை இரையின் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நினைத்தே பார்க்கவில்லை.

முள்ளில் இறகும் மயிரும் கட்டிப் பூச்சியாகவோ குஞ்சுமீனாகவோ காட்டும் வேலைக்கு ஃப்ளை கட்டுதல் என்று பெயர். வேலை புதிதல்ல. மாசிடோனியர்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளியைக் கட்டி, சேவல் தாடியின் கீழே வளரும் இரண்டு இறகுகளைப் பொருத்தி மீன் பிடித்ததை, கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஈலியன் எழுதிவைத்திருக்கிறார். இன்று ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. அவற்றில் ஒன்றே ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: கிளவுசர் மின்னோ. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றங்கரையைச் சேர்ந்த பாப் கிளவுசர், பாஸ் என்னும் நன்னீர் மீன்களுக்காக 1980களில் உருவாக்கியது. அதற்குப் பெயர் சூட்டி உலகறியச் செய்தவர் மீன்பிடி எழுத்தாளர் லெஃப்டி க்ரே. ஆற்றில் பிறந்த இது இன்று கடலிலும் கழிமுகத்திலும் அதே அளவுக்குப் பயன்படுகிறது.

இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. முள் நிமிர்ந்து நீந்துமா கவிழ்ந்து நீந்துமா என்பதை இதில் கட்டுபவரே தீர்மானிக்கிறார். சாமான்களோ நான்கைந்துதான்.

முள்ளைத் தெரிந்துகொள்ளுதல்

தூண்டில் நரம்பு கோக்கும் வளையத்தைக் காது என்கிறேன், ஊசிக்காது மாதிரி. காதிலிருந்து நேராக ஓடுவது தண்டு. தண்டு திரும்பும் இடம் வளைவு. பிறகு முனை, முனைக்குக் கீழே, மாட்டிய மீன் கழன்றுவிடாதபடி எதிர்ப்பக்கம் நீட்டியிருக்கும் சிறு செதில் எதிர்முள். தண்டுக்கும் முனைக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தை முள்ளின் வாய் என்று வைத்துக்கொள்ளலாம். மீனின் தாடை நுழைய வேண்டிய இடம் அதுதான். புதிதாகக் கட்டுபவர்கள் பஞ்சும் மயிருமாகத் திணித்து அடைத்துவிடுகிற இடமும் அதுதான்.

எண் கணக்கு முதலில் குழப்பும். 2, 4, 6 என்று எண் கூடக்கூட முள் சிறுக்கும். 1/0, 2/0, 3/0 என்று பூஜ்யத்தோடு வருபவை கூடக்கூடப் பெருக்கும். கழிமுகத்துக்கு 1/0 நல்ல தொடக்கம். கடலோரத்தில் பலருக்கும் தெரிந்த மஸ்டாட் நிறுவன முள்களில் 34007 என்ற துருப்பிடிக்காத வகை கிளவுசருக்கென்றே செய்ததுபோல் பொருந்தும். காது நேராக இருக்கும் முள்ளாகப் பாருங்கள்.

கட்டத் தொடங்கும் முன்பே எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவிப்பது எளிது, உங்கள் காதிலிருந்து எடுப்பதும் எளிது. கட்டி முடித்தபின் நசுக்கினால் சில முள்கள் அந்த இடத்திலேயே ஒடியும். அரைமணி நேர உழைப்பும் அதோடு போகும்.

சாமான்கள்

முள்ளைப் பிடித்துக்கொள்ள ஒரு சிறு வைஸ். நூற்கண்டைத் தாங்கும் பாபின் பிடி. நுனி கூர்மையான கத்தரி. 140 அல்லது 210 டெனியர் (நூலின் தடிமன் அளவு) நூல், வெள்ளையில் ஒன்று போதும். இருபுறமும் குண்டு வைத்த டம்பெல் கண்கள், 1/0 முள்ளுக்கு ஜோடி ஒரு கிராம் அளவில். மினுக்கு இழை கொஞ்சம். உடனடிப் பசை ஒரு குப்பி. டம்பெல் கண் கிடைக்காவிட்டால் சாவிக்கொத்தில் வரும் குண்டுச் சங்கிலியில் இரண்டு குண்டுகளைச் சேர்த்து நறுக்கிக்கொள்ளுங்கள். எடை குறைவுதான், முழங்கால் அளவுத் தண்ணீருக்கு ஈயத்தைவிட அதுவே மேல்.

மயிரில்தான் கவனம் தேவை. கிளவுசர் பயன்படுத்தியது அமெரிக்க வெள்ளைவால் மானின் வால் மயிர். அதைப் படித்துவிட்டு நம் ஊரில் மான் தோல் தேடிப் போகாதீர்கள். புள்ளிமானும் கடமானும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. வெள்ளாட்டு மயிர் போதும். இறைச்சிக் கடையில் சொல்லிவைத்தால் வெள்ளை வால் ஒன்று கிடைக்கும். ஷாம்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்தி, சீப்பால் வாரி அடிப்பஞ்சை நீக்கிவிடுங்கள். மான் மயிரின் அடிப்பாகம் உள்ளே காற்றறை கொண்டது; நூலை இறுக்கினால் விசிறிபோல் விரியும். ஆட்டு மயிர் விரியாது, ஆனால் வழுக்கும். ஆகவே அடியில் ஒரு சொட்டுப் பசை கட்டாயம்.

வைஸில் முள்ளை வைப்பது

வைஸின் தாடை முள்வளைவின் கீழ்ப்பகுதியை மட்டும் கவ்வ வேண்டும். முனையும் எதிர்முள் இருந்த இடமும் வெளியே தெரியட்டும். நூல் முனையில் உரசி அறுந்துபோகுமே என்று பயந்து முனையையும் தாடைக்குள் புதைப்பவர்கள் உண்டு. எதிர்முள் வெட்டிய இடமே முள்ளின் பலவீனமான இடம். அங்கே கவ்வினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழலாம், பெரிய மீன் இழுக்கும்போது அது தன்னைக் காட்டிக்கொள்ளும். முனையில் உரசாமல் சுற்றக் கை இரண்டே நாளில் பழகிவிடும்.

தண்டு மேசைக்கு இணையாகக் கிடக்க வேண்டும். காதை விரலால் கீழே அழுத்திவிட்டு விடுங்கள். முள் அதிர்ந்து பழைய இடத்துக்கு வந்தால் பிடி சரி. முள்ளே சரிந்து இறங்கினால் இன்னும் இறுக்குங்கள்.

கண்கள்: இந்த வேலையின் பாதி

காதிலிருந்து தண்டின் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நூலைத் தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒரு விரற்கடை நீளத்துக்கு அடித்தளமாகச் சுற்றுங்கள். வெறும் எஃகின்மேல் எதைக் கட்டினாலும் சுழலும். நூலால் சின்ன மேடு ஒன்று எழுப்பி அதன் முன்னால் கண்களை உட்காரவைத்தால் பின்னால் நழுவாது.

வைஸில் முனை கீழே பார்த்திருக்கிறது. கண்களைத் தண்டின் மேல்பக்கம் கட்டுகிறோம். தண்ணீரில் விழுந்ததும் கனமான பக்கம் கீழே போகும். அதாவது எல்லாம் தலைகீழாகும்; கண்கள் அடியில், முள்முனை மேலே. தரையைத் தொட்டு நகரும்போது முனை கல்லிலும் சிப்பியிலும் மாட்டாது, மீனுக்கு மேல்தாடையில் ஏறும். கண்களைக் கீழ்ப்பக்கம் கட்டிவிட்டால் முனை தரையை உழுதுகொண்டு வரும். என் முதல் நான்கும் அப்படித்தான் கண்டல் வேரடியில் தங்கிவிட்டன.

கட்டும் முறையைச் சாரம் கட்டுபவர்களிடம் கற்றுக்கொள்ளலாம். இரண்டு மூங்கில்கள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் முதலில் பெருக்கல் குறிபோல் கயிற்றைப் போடுவார்கள். கடைசியாக, இரண்டு மூங்கில்களுக்கும் நடுவே, முன்பு போட்ட கயிற்றையே சுற்றி வளைத்து இறுக்குவார்கள். அந்தக் கடைசி இறுக்கம்தான் ஆளைத் தாங்குகிறது. இங்கேயும் அதேதான். ஒரு மூலைவாட்டில் பத்துச் சுற்று. கண்கள் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும், கவலைப்படாதீர்கள். எதிர் மூலைவாட்டில் பத்துச் சுற்று. இப்போது கண்கள் தண்டுக்குச் செங்குத்தாக வந்திருக்கும். பிறகு நூலைத் தண்டுக்கு மேலே, கண்களுக்குக் கீழே, தட்டு சுற்றுவதுபோல் கிடையாக ஆறேழு முறை சுற்றி இழுங்கள். முன்பு போட்ட பெருக்கல் சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இறுகுவது விரலுக்குத் தெரியும்.

கண்ணின் ஒரு குண்டைப் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் மறுபடியும் இரண்டு பக்கமும் சுற்றுங்கள். அசையாத பிறகே பசை. ஆடும் கண்ணைப் பசை காப்பாற்றாது. நாலு வீச்சில் பாறையில் மோதி மறுபடியும் ஆடும்.

மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கு ஏன்? கண்கள் காதை ஒட்டி இருந்தால் மூக்கு குப்புறக் கவிழ்ந்து, இழுக்க இழுக்கத் துள்ளித் துள்ளி வரும். ஆழமான குழிகளுக்கு அது நல்லது. ஆனால் தலை கட்ட இடமிருக்காது. பின்னால் தள்ளினால் சாய்வு குறைந்து குஞ்சுமீன் மாதிரி சாதுவாக நீந்தும். எனக்குப் பின்னதே பிடிக்கும்.

அடிவயிறு

வெள்ளை மயிரில் தீக்குச்சித் தடிமனுக்கு ஒரு கொத்து. போதாது என்று தோன்றும். அதிலும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். நனைந்தபிறகு மீனின் உடல் மெலிந்து, உள்ளே ஒளி புகுந்து தெரிய வேண்டும். அடர்த்தியாகக் கட்டியது தண்ணீரில் துடைப்பக்கட்டைபோல் மிதக்கப் பார்க்கும், கண்ணின் எடையையும் வீணாக்கும்.

தண்டு 3 செ.மீ. என்றால் மயிர் 7 செ.மீ. இருக்கட்டும். அடியைச் சாய்வாக நறுக்கி, பசையில் தொட்டு, கண்களுக்கு முன்னால், காதைத் தொடாமல் கட்டுங்கள். பிறகு மயிரைப் பின்னோக்கி இழுத்து, இரண்டு கண்களுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் படியவைத்து, கண்களுக்குப் பின்னால் நாலைந்து சுற்று. பின்னால் போடும் சுற்றுகளில் முன்புறத்தின் பாதி இறுக்கம் போதும்.

காதுக்குப் பின்னால் ஒரு காதளவு தண்டு எப்போதும் வெறுமையாக இருக்கட்டும். அந்த இடத்தைத் தின்றுவிட்டால் கடைசியில் தலையும் நரம்பும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

முதுகு

முள்ளை வைஸிலிருந்து கழற்றி, முனை வானத்தைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். இனி தண்ணீரில் இருக்கும் நிலையிலேயே கட்டுகிறோம். கண்களுக்கு முன்னால் மினுக்கு இழைகள் ஏழெட்டு. மயிரைவிட ஒரு சென்டிமீட்டர் நீளமாக. அதன்மேல் பச்சையோ பழுப்போ சாம்பலோ, உங்கள் தண்ணீரில் குஞ்சுமீனின் முதுகு எந்த நிறமோ அந்த நிறத்தில் இரண்டாவது கொத்து, வெள்ளைக்குச் சமமான அளவில். வெள்ளாட்டு மயிரை நல்ல துணிச்சாயத்தில் நனைத்தே நிறம் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தக் கொத்து முள்முனையின் இரு பக்கமும் பிரிந்து, அதைக் கூரைபோல் மூடிக்கொண்டு பின்னால் போகிறது. பாசிக்கு நடுவே இழுக்கும்போது முதலில் பாசியைத் தொடுவது மயிர். முனை அதற்குள் ஒதுங்கியிருக்கிறது. மீன் வாயை மூடும்போது மயிர் அமுங்கி முனை வெளிப்படும். முன்பு சொன்ன அடர்த்திக் கணக்கு இங்கேயும் உயிர்நாடி: கொத்து தடித்தால் முள்ளின் வாய் அடைபடும், மீனின் தாடைக்கு மயிர்தான் மிஞ்சும்.

தலையைக் காதை நோக்கிச் சரியும் கூம்பாக நூலாலேயே மூடி, நூலின் நுனியை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைத்து இறுக்கும் விப் ஃபினிஷ் முடிச்சு போடுங்கள். அதற்கான கருவி இல்லாவிட்டால், நூலில் சுருக்கு வைத்து அதை ஆறு முறை தலையைச் சுற்றி அடுத்தடுத்துப் போட்டு இழுத்தாலும் வேலை நடக்கும். மேலே நிறமற்ற நகப்பூச்சு இரண்டு தடவை, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு.

பக்கெட் பரிசோதனை

ஆற்றுக்குப் போகும் முன் குளியலறைப் பக்கெட்டில் போட்டுப் பாருங்கள். ஒரு முழம் நரம்பில் கட்டி இழுக்கவும் வேண்டும். தலை முதலில் இறங்க வேண்டும், முனை மேலே பார்க்க வேண்டும். ஒருபக்கமாகச் சாய்ந்தால் கண்கள் கோணலாக உள்ளன. பம்பரம்போல் சுற்றினால் மயிர் ஒருபக்கம் கூடியிருக்கிறது. முனை கீழேயே நின்றால் முள்ளின் எடைக்குக் கண் போதவில்லை. அடுத்ததில் பெரிய கண் போடுங்கள்.

வால் மட்டும் பறிபோகிறதா?

இப்போது என் நறுக்கப்பட்ட வால்களுக்கு வருகிறேன். மீனுக்கு மீன் கவ்வும் விதம் வேறு. கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு இரையை உறிஞ்சும். முழுப் பொய்மீனும் உள்ளே போய்விடும். முள் முன்னால் இருந்தாலும் குறையில்லை. சீலாவும் வஞ்சிரமும் பாய்ந்து வெட்டுபவை. ஓடும் இரையின் பின்பாதியைத் துண்டித்துவிட்டுத் திரும்பி வந்து பொறுக்கும். அவற்றுக்கு முன்னால் இருக்கும் முள் இருந்தும் இல்லாத மாதிரி. ஆற்றுக்குள் முட்டையிட ஏறும் சால்மன் இரையே எடுப்பதில்லை. எரிச்சலிலோ பழக்கத்திலோ வாலைச் சீண்டிவிட்டு விலகும்.

எளிய மாற்று, மயிரைக் குறைத்து முள்ளை நீட்டுவது. மஸ்டாடின் 34011 நீளத்தண்டு வகை. அதே இடத்தில் கண், அதே முறையில் கட்டு. ஆனால் முனை இன்னும் பின்னால் போய்விடுகிறது. அதைத் தாண்டி ஒரு விரற்கடை மயிர்தான் மிஞ்சும்படி வெட்டிவிடுங்கள். குறை ஒன்று: நீளத்தண்டு நெம்புகோல் மாதிரி. மீன் தலையை உதறும்போது அந்த நீளமே முள்ளைக் கழற்றித் தரும். சீலாவுக்கு இது போதும் என்பது என் அனுபவம்.

இன்னும் நீளமான பொய்மீன் வேண்டுமென்றால் தொங்குமுள் வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் ட்ரவுட் வகையான ஸ்டீல்ஹெட் மீனுக்காக எட் வார்ட் உருவாக்கிய இன்ட்ரூடர் வகையின் அடிப்படை இதுதான். முன்னாலுள்ள தண்டின்மேல், பின்னிய நரம்பை இரண்டாக மடித்துச் சுருக்காகக் கட்டிப் பசையிட்டு, சுருக்கைப் பின்னால் நீட்டி, குட்டைத்தண்டு முள்ளை அதில் கோத்துக்கொள்வது. வெட்டுப்பல் மீன்களுக்கு நரம்புச் சுருக்கு உதவாது, மெல்லிய எஃகுக் கம்பிதான். சுருக்கு விறைப்பாக இருக்க வேண்டும்; தொளதொளவென்றால் வீசும்போது முள் முன்னால் மடிந்து தலையில் சிக்கும். முனை மொத்த நீளத்தில் ஐந்தில் நான்கு பங்குத் தொலைவில் நின்றால் நல்லது. வாலுக்கும் வெளியே தள்ளினால் சிறு மீன்களின் கண்ணிலும் செவுளிலும் ஏறிவிடும். தொங்குமுள்ளின் முனையும் மேலே பார்க்கட்டும். கட்டி முடித்தபின் முன்முள்ளின் வளைவைக் குறடால் நறுக்கிவிடுங்கள், கண்ணாடி அணிந்துகொண்டு. துண்டு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது வழி குழாய். ஸ்காட்லாந்தின் அபர்தீனில் 1945 வாக்கில் மினி மொராவ்ஸ்கி என்ற பெண்மணி செய்யத் தொடங்கியது. மயிரை முள்ளில் கட்டாமல் மெல்லிய குழாயில் கட்டி, நரம்பை அதன் வழியே விட்டுப் பின்னால் முள்ளைக் கட்டுகிறோம். மீன் மாட்டியதும் குழாய் நரம்பில் மேலேறிவிடும். வாயில் குட்டை முள் மட்டும். முனை மழுங்கினால் முள்ளை மாற்றினால் போதும். கையில் பழைய பேனா ரீஃபில் இருந்தால் கழுவிப் பழகிப் பார்க்கலாம்.

இன்னொரு தொல்லை, நீள மயிர் முள்வளைவைச் சுற்றிக்கொள்வது. சுற்றிய பொய்மீன் நொண்டிக்கொண்டு வரும். எந்த மீனும் திரும்பிப் பார்க்காது. மென்மையான நீள மயிருக்கு அடியில் கொஞ்சம் விறைப்பான மயிரை வளைவின் அருகிலேயே கட்டிவிட்டால் அது முட்டுக்கொடுக்கும்.

நரம்பும் இழுப்பும்

காதோடு இறுகும் முடிச்சு கிளவுசரின் துள்ளலைக் கொன்றுவிடும். சிறு வளையம் விட்டு, நழுவாத முடிச்சாகப் போடுங்கள். கனமான கண் தலைக்கு மேலே பறக்கிறது என்பதால் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் வீச வேண்டாம்.

விழுந்ததும் இறங்க விடுங்கள். ஒரு முழம் இழுப்பு, ஒரு நிறுத்தம். நிறுத்தத்தில் தலை கவிழ்ந்து இறங்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் கவ்வும். கவ்வியதும் கோலைத் தூக்குவது நம் கையில் ஊறிய பழக்கம். தூக்கினால் பொய்மீன் வாயிலிருந்து மேலே எகிறிவிடும். கோலைத் தண்ணீரை நோக்கியே வைத்துக்கொண்டு, இடக்கையால் லைனை (நரம்போடு இணைந்த, வீசுவதற்கான தடித்த கயிறு) நேராக இழுங்கள். எடை தெரிந்த பிறகு கோலைத் தூக்கலாம். தவறவிட்டாலும் லைன் நேராகவே இருப்பதால் அதே மீன் திரும்பி வந்து கவ்வ வாய்ப்புண்டு.

பத்து வீச்சுக்கு ஒருமுறை முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். கீறிக்கொண்டு நின்றால் சரி. வழுக்கினால் அரம் போடுங்கள். போன வாரம் நீளத்தண்டில் கட்டியவை இரண்டு என் பெட்டியில் இருக்கின்றன. ஒன்றில் வால் கொஞ்சம் குறைந்திருக்கிறது. தலைப்பூச்சில் பல்தடம் இருக்கிறது. முனைக்கு மறுபடியும் அரம் போட வேண்டும்.